டுரியான் துங்காலுக்கு வந்த குளிர்காலம்

பயந்த சுபாவம் உள்ளவர்கள் பெரிய தவறு செய்ய மாட்டார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை. துணிச்சல்காரர்கள் யோசிக்காமல் ஒரு தவறைச் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். எங்களைப் போன்றவர்கள் நன்றாக யோசித்து, சந்தேகப்பட்டு, இன்னொரு முறை யோசித்து, செங்கல் செங்கலாக அடுக்கித் தவறைக் கட்டுவோம். அதனால்தான் எங்கள் தவறுகள் அத்தனை உறுதியாக நிற்கின்றன.

நான் கட்டிய ஒன்று எங்கள் குடும்பத்தில் இன்னும் விரிசல் விடாமல் நிற்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் அது. மலாக்கா பக்கத்து டுரியான் துங்காலில், தாமான் என்று சொல்லும் குடியிருப்பு ஒன்றில், வரிசை வீடுகளில் ஒன்றை வாங்கி நானும் என் கணவர் சேகரும் குடியேறியிருந்தோம். மகள் யாழினி கைக்குழந்தை. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பிரசவ விடுப்பு முடிந்த கையோடு ஆண்டிறுதி விடுமுறையும் வந்ததால் வீட்டில் இருந்தேன். குழந்தை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். விரல் பட்டு விழித்து அழுவாள். அழுதால், ஏன் அழுகிறாள் என்று நான் அழுவேன். (அந்த வருடம் பெரும்பாலும் இப்படித்தான் போயிற்று.)

ஜனவரியில் பள்ளி திறக்கும். நான் வேலைக்குப் போனால் யாழினியை யார் பார்ப்பது? எங்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை என் மாமியார்.

அத்தை செர்காம் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி, அப்போதுதான் வேலையிலிருந்து நின்றிருந்தார். தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். இரண்டு மகன்கள். மூத்தவர் கிளேபாங்கில் சாலையோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அவர் மனைவி மல்லிகா அக்கா, அத்தைக்கென்று தனி அறை ஒதுக்கி, அதில் புது டிவியும் வாங்கி வைத்துவிட்டார். இளையவர் என் கணவர். எங்களிடம் டிவி ஒன்றுதான். அதுவும் தலையில் தட்டினால்தான் பேசும்.

"ரெண்டு வூட்டுலயும் கொஞ்ச நாளு இருந்து பாக்குறேன். எங்க மனசு ஒட்டுதோ அங்கயே இருந்துக்குறேன்" என்று அத்தை சொல்லிவிட்டார். கண்ணில் புரை எடுக்க மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்திருந்தோம். அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. வருஷம் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கிற எனக்கு இப்போது பரீட்சை. அத்தையின் மனம் ஒட்டாவிட்டால் நான் வேலையை விட வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் பத்திரிகை கையில் கிடைத்தது. பிரசவத்துக்குப் பின் பொழுது போகட்டும் என்று பள்ளித் தோழி ஒருத்தி கொடுத்த பழைய ஆங்கில மாதர் பத்திரிகைக் கட்டு. அதில் ஒரு கட்டுரை: குளிர்காலத்தில் உங்கள் வீட்டு வாசலைக் கதகதப்பாக்குவது எப்படி. விருந்தாளியின் மனம் வாசலிலேயே ஒட்டிவிடும் என்று எழுதியிருந்தது. ஒட்டிவிடும்! அத்தை சொன்ன அதே சொல் என்று எனக்குத் தோன்றியது. படத்தில் பனி மூடிய ஒரு வீடு. கதவில் பச்சை இலை வளையம். பக்கத்தில் நீள பெஞ்சு, அதன்மேல் வெள்ளை விரிப்பு, ஒரு முனையில் தலையணை, அதனருகே எரியும் லாந்தர். வரிசையாகக் காலணிகள். பார்க்கப் பார்க்க எனக்கே அந்த வீட்டுக்குப் போய்த் தங்கிவிட வேண்டும்போல் இருந்தது.

"என்னங்க, நம்ம வாசல் கதகதப்பா இருக்கணும்" என்றேன் சேகரிடம்.

அவர் சட்டையைக் கழற்றிக் காற்றாடிக்கு நேராக நின்றுகொண்டிருந்தார். "இன்னும் எவ்வளவு லா கதகதப்பு வேணும் உனக்கு? வேணும்னா அந்தக் காத்தாடிய நிறுத்து."

"நான் சொல்றது மனசுக்குக் கதகதப்பு."

"அம்மாவுக்கு டீயில சீனி தூக்கலாப் போட்டுக் குடு. மனசெல்லாம் தானா சூடாயிடும்."

அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் சீனி தூக்கலான டீ எந்தப் பத்திரிகையிலும் படத்தோடு வரவில்லையே. வெளியே டிசம்பர் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. மழைக்காலம்தான் நமக்குக் குளிர்காலம் என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

முதலில் வளையம். படத்தில் இருந்தது ஊசியிலை மரம். கிளேபாங் கடற்கரையில் சவுக்கு மரங்கள் உண்டு. இலை ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். மூத்தாரிடம் சொல்லிக் கிளைகள் கொண்டுவரச் செய்து, பிரம்பில் சுற்றிக் கட்டினேன். ஒரே நாளில் காய்ந்து, யாரோ விளக்குமாற்றை வளைத்து வைத்ததுபோல் ஆகிவிட்டது. நாளைக்குக் காலை அத்தை வருகிறார். யாழினியை எதிர்வீட்டுப் பாக்கியம் அக்காவிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஏறி மலாக்கா டவுனுக்கு ஓடினேன்.

பூக்கடைக்காரச் சீனத்து அம்மா ரொம்பப் பரிவானவர். வாசலில் வைக்க ஒரு வளையம் வேண்டும், பச்சை இலையில், என்றேன். (பேச்செல்லாம் மலாயில்தான்.)

"யாருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது வார்த்தை பதில் சொல்வது என் வழக்கம். "என் மாமியாருக்கு. நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார்கள். என் கணவர் போய்க் கூட்டிவருகிறார். எல்லாம் அழகாக இருக்க வேண்டும்."

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வயசு?"

"ஐம்பத்தைந்து."

"அடடா, இன்னும் இளமைதானே" என்று தலையை ஆட்டினார். அத்தையைப் பார்க்காமலேயே இவ்வளவு பிரியமா என்று எனக்குப் பூரித்துப்போயிற்று. சிவப்பு ரிப்பன் கேட்டேன். "சிவப்பு கூடாது லா, பொருந்தாது" என்று ஊதா நிற ரிப்பன் கட்டினார். கேட்காமலேயே வெள்ளைச் செவ்வந்திகளைச் சுற்றிலும் செருகினார். பனி மாதிரி இருக்கட்டும் என்று செய்கிறார் போலும் என்று நினைத்தேன். அத்தையின் பெயரைக் கேட்டு ரிப்பனில் பொன்னிற ஆங்கில எழுத்தில் 'அஞ்சலை' என்று ஒட்டியும் கொடுத்தார். பெயர்கூடப் போட்டுத் தருகிறார்களே என்று கண் கலங்கிவிட்டது எனக்கு. என் கண் கலங்கியதைப் பார்த்து அவருக்கும் கலங்கியது.

இங்கே நீங்கள் கேட்கலாம்: ஒரு தமிழச்சிக்கு மலர்வளையம் எதற்கு வைப்பார்கள் என்று தெரியாதா? தெரியும். எத்தனையோ துக்க வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் என் தலைக்குள் ஆங்கிலத்தில் படித்தவை ஓர் அறையிலும், தமிழில் தெரிந்தவை வேறோர் அறையிலும் குடியிருந்தன. நடுவில் கதவு இருந்தது. அன்று அதை யாரும் தட்டவில்லை.

வளையத்தைக் கொண்டுவந்து, வாடாமலிருக்க ஈரத்துணி போர்த்திக் குளியலறையில் ஒளித்து வைத்தேன். சேகர் மளிகைக்கடை நானாவிடம் இரவல் கேட்டு நீள பெஞ்சைத் தூக்கிவந்து முன்வாசலில் போட்டார். மழைச்சாரல் அடித்ததால் கூரையோடு சேர்த்து ஒரு நீலக் கான்வாஸும் இழுத்துக் கட்டினார். "திருவிழாவா நடத்தப் போற?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

அவர் போனதும் நான் வேலையைத் தொடங்கினேன். கதவில் வளையம். பெஞ்சின்மேல் சலவை மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பு. ஒரு முனையில் தலையணை. லாந்தருக்கு எங்கே போவது? குத்துவிளக்கை எடுத்து, பெஞ்சின் தலையணைப் பக்கமாக வைத்து ஏற்றினேன். வானம் இருட்டிக்கொண்டிருந்ததால் சுடர் அழகாகத் தெரிந்தது. வீட்டிலிருந்த செருப்பு, சப்பாத்து எல்லாவற்றையும் வாசலில் வரிசையாக அடுக்கினேன். நிலையில் கட்டியிருந்த மாவிலைத் தோரணம் காய்ந்துபோயிருந்ததால் கழற்றிப் போட்டேன். கோலம் போடும் இடத்தில் கால்மிதி விரிக்க வேண்டியிருந்ததால் அன்று கோலம் போடவில்லை. அது மார்கழி மாதம். எங்கள் வரிசையில் கோலம் இல்லாத ஒரே தமிழர் வாசல் என்னுடையது.

நல்ல மணம் வேண்டும் என்று அந்தக் கட்டுரையின் கடைசியில் இருந்தது. சாம்பிராணி போட்டேன். வெளியே ஈரக்காற்று; புகை போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றியது. என் கண் இரண்டும் கோவைப்பழம். யாழினி வீறிட்டு அழ ஆரம்பித்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு கலைந்த தலையோடு வாசலுக்கு வந்து நின்றேன்.

எதிர்வீட்டில் பாக்கியம் அக்கா கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றவர் நின்றபடியே இருந்தார். வளையத்தைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். என் கண்களைப் பார்த்தார். கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, மழையில் நனைந்தபடி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"என்னம்மா இது! நேத்துக்கூட ஒண்ணும் சொல்லலையே நீயி!"

அலங்காரத்தை முன்கூட்டியே சொல்லவில்லை என்று கோபிக்கிறார் என நினைத்தேன். "திடீர்னுதான் அக்கா முடிவாச்சு" என்றேன்.

"கண்ணுலதானே கத்தி வச்சாங்க! கண்ணுல வச்சா இப்படியா ஆவும்?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். "நீ போயி உக்காரு. அடுப்பப் பத்த வைக்காத. நாங்க பாத்துக்குறோம்."

எதற்கு அழுகிறார், எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் அழுகிற ஒருவரிடம் "ஏன் அழுகிறீர்கள்" என்று கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

அடுத்து நடந்தவை எல்லாம் எனக்கு ஒரு மர்மமான அதிர்ஷ்டம்போல் தோன்றின. பக்கத்து வீட்டு அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து கான்வாஸின் கீழ் போட்டார். நானா பெரிய டீத்தூக்கோடு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "மனசத் தேத்திக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றார். யார் வீட்டிலிருந்தோ இட்டிலி வந்தது; யார் வீட்டிலிருந்தோ நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் வந்தன. பெண்கள் யாழினியைக் கைமாற்றிக் கைமாற்றி முத்தமிட்டார்கள். அத்தையை வரவேற்க இத்தனை பேரா! தாமானில் நமக்கு இவ்வளவு நல்ல பெயரா! பயத்தோடு பயமாகக் கொஞ்சம் பெருமையும் வந்தது.

அப்போதுதான் மூத்தாருடைய வேன் வந்து நின்றது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஊரிலுள்ள எல்லோருடைய தொலைபேசி எண்ணையும் எழுதி பாக்கியம் அக்காவிடம் நான்தான் கொடுத்து வைத்திருந்தேன். அவசரம் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

மல்லிகா அக்கா வேனிலிருந்து இறங்கும்போதே கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டுதான் இறங்கினார்.

"ஐயோ அத்த! எங்கூட வந்து இருங்க, எங்கூட வந்து இருங்கன்னு தலதலயா அடிச்சிக்கிட்டேனே! கேட்டீங்களா! ஒங்களுக்குன்னு வாங்குன டிவியை இனிமே யாரு அத்த பாப்பா! ஆஸ்பத்திரியில ராஜாத்தி மாதிரி படுத்திருந்தீங்களே! ஒரு வா தண்ணி குடுக்கலையே நான்!"

இதுதான் அந்தக் கதவைத் தட்டிய கை. என் தலைக்குள் இருந்த இரண்டு அறைகளும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. திரும்பி என் வாசலைப் பார்த்தேன். தமிழில் பார்த்தேன். கான்வாஸ். நாற்காலி. கோலமில்லாத வாசல். கதவில் பெயர் எழுதிய மலர்வளையம். வெள்ளைத் துணி விரித்த பெஞ்சு, தலையணை, தலைமாட்டில் விளக்கு. உடம்பை இறக்கி வைக்க ஒரு குறையும் இல்லை.

"அக்கா... அது வந்து..." என்று ஆரம்பித்தேன். "பேசாத தாயி, அழுதுரு, அழுதாத்தான் ஆறும்" என்று பாக்கியம் அக்கா என் முகத்தைத் தன் தோளில் அமுக்கிக்கொண்டார்.

அந்த நேரத்தில் எங்கள் கார் வளைவில் திரும்பியது.

சேகர் கூட்டத்தைப் பார்த்தார். கான்வாஸின் கீழே அழுகிற பெண்களைப் பார்த்தார். காரை நடுவழியிலேயே நிறுத்தி, கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. "பாப்பா! பாப்பா எங்க?" என்று கத்தினார். யார் கையிலோ இருந்த யாழினியைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவள் அப்பாவின் மூக்கைப் பிடித்து இழுத்தாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். (இந்த இடத்தை மட்டும் நாங்கள் கதை சொல்லும்போது சீக்கிரம் தாண்டிவிடுவோம். என்னால் அங்கே சிரிக்க முடிவதில்லை.)

அவருக்குப் பின்னால் காரிலிருந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சேலை முந்தானையைச் சரி செய்தபடி, அத்தை இறங்கினார்.

கூட்டம் அப்படியே உறைந்தது. நானாவின் கையிலிருந்த கிளாஸ் சாய்ந்து டீ வழிந்துகொண்டே இருந்தது. மல்லிகா அக்காவின் ஒப்பாரி "ராஜாத்தி" என்ற இடத்தில் வாய் திறந்தபடியே நின்றது.

அத்தை புதுக் கண்ணால் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். புரை எடுத்தபின் அவர் தெளிவாகப் பார்த்த முதல் காட்சி அதுதான்.

"யாரு போனது?" என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"யாரும் இல்ல அத்த" என்றேன். "நீங்க வர்றீங்கன்னு... வாசலக் கொஞ்சம் கதகதப்பா... புக்குல போட்டிருந்துச்சு..."

அத்தை கதவருகே போய் ரிப்பனைத் தொட்டார். "இதுல என்னா எழுதியிருக்கு?"

"ஒங்க பேரு அத்த."

"எம் பேரா." எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். "முப்பது வருஷம் மரம் வெட்டுனேன். ஒருத்தன் எம் பேர ஒரு காயிதத்துல அழகா எழுதல. நீதான் எழுதியிருக்க. அதுவும் இதுல."

பிறகு நடந்துவந்து, வெள்ளை விரிப்பின்மேல், தலையணையை நகர்த்திவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்தார். கையிலிருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார்.

"என்னா எல்லாரும் நிக்குறீங்க? வந்ததுதான் வந்துட்டீங்க. பசியாறியாச்சா?"

முதலில் சிரித்தது நானா. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. துக்கத்துக்கு வந்த இட்டிலியும் நாசி லெமாக்கும் அங்கேயே காலியாயின. அத்தை பெஞ்சைவிட்டு இறங்கவே இல்லை. வந்தவர்கள் ஒவ்வொருவரையும் பக்கத்தில் கூப்பிட்டு, "நீ என்னா சொல்லி அழுத?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பாக்கியம் அக்கா வெட்கத்தோடு சொல்லிக் காட்டியபோது, "நல்லாத்தான் அழுதிருக்க, அடுத்த தடவையும் இதையே சொல்லு" என்றார்.

மல்லிகா அக்கா கூந்தலை முடிந்துகொண்டு அருகில் வந்து நின்றார். "வூட்டுக்குப் போவோம் அத்த. இந்த இடம் சகுனமே சரியில்ல. அங்க ரூம்பெல்லாம் தயாரா இருக்கு."

பரீட்சையில் தோற்றுவிட்டேன் என்று தெரிந்துவிட்டது. பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரியைக்கூட மனதுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு சேகர் மடியிலிருந்த யாழினியைப் பார்த்தார். பிறகு மறுபடி என்னை.

"அந்த டிவியை நீயே பாரு மல்லிகா" என்றார். "இந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான். நல்லாப் படிச்ச பொண்ணு. ஆனா இன்னிக்கு மாமியாளுக்கு இதச் செஞ்சவ, நாளைக்கு ஏதாச்சும் புக்கப் படிச்சிட்டு இந்தப் பச்ச மண்ண என்னா செய்வாளோ, யாரு கண்டா? ஒரு ஆளு கூட இருக்கணும். நான் இங்கயே இருந்துக்குறேன்."

இப்படித்தான் எனக்கு வேலை நிலைத்தது. பத்திரிகைக்காரர்கள் பொய் சொல்லவில்லை. விருந்தாளியின் மனம் வாசலிலேயே ஒட்டிவிட்டது. ஆனால் ஒட்டிய காரணத்தை மட்டும் அவர்கள் எழுதியிருக்கவில்லை.

வளையத்தை அத்தை தூக்கிப்போட விடவில்லை. இலையையும் பூவையும் உதிர்த்துவிட்டு, உள்ளேயிருந்த பிரம்பு வளையத்தைச் சமையலறையில் தண்ணீர்க் குடத்துக்குப் பிரிமனையாக வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வருகிற புது ஆட்களுக்கு அதைக் காட்டி, "இது எனக்கு வந்த மாலை. நான்தான் போவல" என்பார். ஒவ்வொரு டிசம்பரும் முதல் மழை விழுந்ததும் சேகர், "குளிர்காலம் வந்திருச்சு லா, அம்மாவ உள்ள வை" என்று சொல்லாமல் இருந்ததில்லை. பாக்கியம் அக்கா மட்டும் இன்றுவரை எங்கள் வாசலில் ஒரு நாள் கோலம் இல்லாவிட்டாலும் போன் போட்டுவிடுவார்.

யாழினி இப்போது உண்மையாகவே பனி பெய்கிற ஒரு நாட்டில் வேலை செய்கிறாள். போன டிசம்பரில் தன் வீட்டு வாசலைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். கதவில் பச்சை இலை வளையம், பக்கத்தில் சிறிய பெஞ்சு, விளக்கு, வெளியே வெள்ளைவெளேரென்று பனி. முப்பது வருடங்களுக்கு முன் நான் பார்த்த அதே படம். ஆசையாக இருந்தது. எண்பதைத் தாண்டிய அத்தையிடம் கைப்பேசியைக் காட்டினேன்.

அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, படத்தை நன்றாக உற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உம் பொண்ணுக்கு மாமியா வந்துட்டாளா என்ன? சொல்லவே இல்லையே!"